தண்ணியில்லாக் காட்டில் ஒரு ஃபயர் ஸ்டேஷன்

கேள்வி: ‘சிகாகோ ஃபயர்’ தொடரின் இரண்டாம் சீசனை இப்போதுதான் பார்த்தேன். செலவைக் குறைக்க வந்த அதிகாரி 51-ம் எண் நிலையத்தையே மூடப் பார்க்கிறார், வீரர்கள் விடாமல் போராடுகிறார்கள். நம் தீயணைப்பு வீரர்களை வைத்து இப்படி விறுவிறுப்பாக ஒரு தொடர் ஏன் வருவதில்லை?
— வாசகர், கீழக்கரை

பதில்: சிகாகோவில் வில்லி கோப்பும் கையுமாக நிலையத்துக்குள்ளேயே நடந்து வந்துவிடுகிறார். பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். நம் கரையில் வில்லனைக் காட்டவேண்டுமானால், வண்டி கிளம்புவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே கேமராவைத் திருப்பவேண்டும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். கடற்காற்றில் காய்ந்த ஓலை, எந்த வீரன் வரும்வரைக்கும் காத்திருக்காது. ஒரே வாரத்தில் அந்த மாதிரிக் காப்பகங்களை எல்லாம் இழுத்து மூடி, 500-க்கும் அதிகமானவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் முடிந்த வேலை, அதற்கு முந்தைய வாரம் ஏன் முடியவில்லை? தொடர் எடுப்பவர் இந்தக் கேள்வியில் தொடங்கட்டும். ஆனால் அதில் ஏணியில் ஏறும் கதாநாயகன் இருக்கமாட்டான். கொட்டகையைப் பார்க்கவேண்டியவர் பார்க்காமல் போவதுதான் முக்கியமான காட்சி. எந்தச் சேனல் வாங்கும்?

அப்புறம் தண்ணீர். ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றாலே ‘தண்ணியில்லாக் காடு’ என்று முகம் சுளிக்கும் அரசு ஊழியர்களை நமக்குத் தெரியும். தீயணைப்புக்காரருக்கு அது வேடிக்கைப் பேச்சில்லை. வண்டித் தொட்டியில் இருப்பது சில ஆயிரம் லிட்டர், முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் காலி. கண்ணெதிரே கடல் கிடக்கிறதே என்பீர்கள். உறிஞ்சலாம்தான். தீயை அணைத்த கையோடு பம்பையும் குழாயையும் நல்ல தண்ணீர் விட்டு அலசவேண்டும், இல்லையென்றால் உப்பு அரித்துவிடும். அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று நிலைய அலுவலர் யோசித்து நிற்கும் காட்சியை எந்தப் பின்னணி இசையாலும் தூக்கி நிறுத்த முடியாது. நான் பார்ப்பேன். என்னை நம்பி யார் பணம் போடுவார்கள்?

தீ இல்லாத நாளிலும் சும்மா இல்லை. வீட்டுக்குள் புகுந்த பாம்புக்கும் கிணற்றில் விழுந்த மாட்டுக்கும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம்.

சரி, நிஜத்திலேயே சினிமாவை மிஞ்சும் ஒரு சம்பவம் உண்டு. 1944 ஏப்ரல் 14, பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிவந்த ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் தீயணைப்பு வாரம் தொடங்குவது அவர்கள் நினைவாகத்தான். நமக்கு அன்று பெரும்பாலும் சித்திரை முதல் நாள், டி.வி.யில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது தொடர் எடுக்க வந்தால், முதல் எபிசோடை உங்கள் கீழக்கரைச் சந்து ஒன்றிலேயே எடுக்கச் சொல்லுங்கள். சைரன் போட்டுக்கொண்டு வண்டி வரட்டும். வாசலில் நிற்கும் பைக்குகளை எடுத்து முடிப்பதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடும்.