உதவிப் பேராசிரியருக்கு எதற்கு அறக்கட்டளை இருக்கை?

அமெரிக்காவில், வேலையில் சேர்ந்து சில வருடமே ஆன உதவிப் பேராசிரியரின் பதவியோடு யாரோ ஒரு கொடையாளர் பெயர் ஒட்டியிருக்கிறதே, அது பட்டமா, பணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஆனால் பணம்தான் முக்கியம். கொடையாளர் தந்த நிதியின் துணையோடு நடக்கும் இப்படிப்பட்ட பதவியைத்தான் அறக்கட்டளை இருக்கை என்கிறார்கள்.

கொடையாளர் தரும் மூலதனத்தைப் பல்கலைக்கழகம் பொதுவாகத் தொடாது. முதலீடு செய்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 4, 5 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவழிக்கும். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்தது இதனால்தான்.

மூத்தவர்களின் இருக்கை பெரும்பாலும் ஓய்வுபெறும் வரை. இளையவர்களுக்கானது சுழலும்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் 'கேரியர் டெவலப்மென்ட்' (பணி வளர்ச்சி) பேராசிரியர் பதவி வழக்கமாக 3 ஆண்டுகள், பிறகு வேறொருவருக்கு. பணி நிரந்தரத்துக்கு முந்தைய அந்த ஆண்டுகள்தான் உயிரை வாங்கும். பெரிய மானியம் கேட்டால் முதற்கட்ட முடிவுகளைக் காட்டச் சொல்வார்கள். அந்த முடிவுகளுக்கே காசு வேண்டுமே! இந்த நிதியில் ஒரு ஆய்வு மாணவருக்குச் சம்பளம் கொடுக்கலாம், கருவி வாங்கலாம், தேறுமா தேறாதா என்று தெரியாத யோசனையைத் துணிந்து சோதிக்கலாம். என்னைக் கேட்டால், ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கக்கூடியதில் இதைவிட நல்ல கொடை இல்லை.

இளைஞரை நம்பி இருக்கை கொடுப்பது புதிதும் அல்ல. ஹென்றி லூகாஸின் உயில்படி 1663இல் கேம்பிரிட்ஜில் ஒரு கணித இருக்கை உருவானது. அதற்கான நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம். 1669இல் ஐசக் பாரோ விலகியதும் அது 26 வயது நியூட்டனுக்குப் போனது. ஒளியியல் பற்றிய தன் முதல் விரிவுரைகளை அவர் நடத்தியது அந்தப் பதவியில்தான்.