சீட் ஒன்றுதான், எண்கள் மட்டும் ஏன் வேறு? – கேள்வி பதில்

கே: நம்பையில் (பைத்தானின் எண்கணித லைப்ரரி) பழைய ரேண்டம் சீடிலிருந்து புதிய ஜெனரேட்டருக்கு மாறினேன். சீட், அதாவது ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண், அதே 42தான், வரும் எண்கள் வேறு. பக்-ஆ?

இல்லை. ரேண்டம் எண் உருவாக்கும் அல்காரிதமே வேறு: பழையதற்குள் மெர்சென் ட்விஸ்டர், 2019இல் நம்பை 1.17 பதிப்போடு வந்த புதியதற்குள் பிசிஜி64. நார்மல் எண் (மணி வடிவப் பரவலில் வரும் ரேண்டம் எண்) எடுக்கும் வழியும் மாறிவிட்டது. முன்பு மடக்கை, வர்க்கமூலம் எல்லாம் போட வேண்டும். இப்போது ஜிக்குராத் என்ற முறை: பெரும்பாலும் டேபிளில் ஒரு பார்வை, ஒரு பெருக்கல். வேகம் அங்கிருந்துதான். பழையதை அப்படியே உறையவைத்துவிட்டார்கள். புதியதில் பதிப்பு மாறினால் எண்களும் மாறலாம். சீடோடு பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.

கே: எட்டு ப்ராசஸுக்கு 42, 43, 44 என்று கொடுக்கலாமா?

அடுத்த ரன்னை 43இல் தொடங்கினால் ஏழு ப்ராசஸ் பழைய எண்களையே அரைக்கும். நம்பையின் சீட்சீக்வென்ஸில் ஸ்பான் இருக்கிறது, ஒரு சீடிலிருந்து தனித்தனி சீடுகளைப் பிரித்துத் தரும், அதை எடுங்கள். அதையும் ப்ராசஸுக்கு ஒன்றாக வேண்டாம், வேலைக்கு ஒன்றாகப் பிரியுங்கள். 1000 வேலைக்கு 1000 ஸ்ட்ரீம், அதாவது தனித்தனி எண் வரிசை. ப்ராசஸரில் 8 கோர் இருந்தாலும் 16 கோர் இருந்தாலும், எந்த வேலைக்கும் அதன் எண்கள் மாறாது. கூட்டும்போதும் முடிந்த வரிசையில் கூட்டாதீர்கள், வேலை எண் வரிசையில் கூட்டுங்கள்; இல்லாவிட்டால் கடைசி தசமங்கள் ஆடும்.

கே: எல்லா வேலைக்கும் ஒரே ஜெனரேட்டரை வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எடுக்கும்படி லாக் (பூட்டு) போட்டால் போதாதா?

யாருக்கு எந்த எண் என்பதை அப்புறம் ஓஎஸ் ஷெட்யூலர்தான் தீர்மானிக்கும். லாக்குக்குக் காத்திருந்து வேகமும் போச்சு.

கே: சராசரி ஒன்றுதானே வரும்? எதற்கு இவ்வளவு பிடிவாதம்?

சராசரி மட்டும் போதுமென்றால் விட்டுவிடுங்கள். 731ஆம் வேலை மட்டும் நடுராத்திரியில் விழுந்தால் என்ன செய்வீர்கள்? வேலைக்கு ஒரு ஸ்ட்ரீம் என்ற என் முறையில் அதை மட்டும் தனியே ஓட்டிப் பார்க்கலாம். லாக் போடும் உங்கள் முறையில் ஆயிரத்தையும் ஓட்டினாலும் அதே இடத்தில் விழும் என்று உறுதியில்லை.

கே: 42 நல்லதா, 7 நல்லதா?

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். எதுவும் சரி. விடை பிடிக்கும்வரை சீடை மாற்றிக்கொண்டே போவதுதான் ஏமாற்று.

கே: ஓடிபி உருவாக்க?

இதெல்லாம் தொடவே கூடாது. பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூல்.

கே: சி++இல் அதே சீடுக்கு லினக்ஸில் ஒன்று, விண்டோஸில் ஒன்று வருகிறது.

எம்டி19937ஐ (சி++இன் மெர்சென் ட்விஸ்டர்) சி++ ஸ்டாண்டர்டே கட்டிப்போட்டிருக்கிறது: டிஃபால்ட் சீடில் 10000ஆவது எண் எங்கும் 4123659995தான். நார்மல் டிஸ்ட்ரிபியூஷனை எப்படி எழுதுவது என்று அது சொல்லவில்லை. லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். அந்தப் பகுதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பதிப்பு எண்ணை மறக்க வேண்டாம்.