கிழவரின் மறதி

அன்புள்ள ஐயா,

கொலம்போ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் எழுபதுகளில் வந்த படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். 1989 முதல் வந்த சிறப்புப் படங்களில் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். இசை மலிவாக இருக்கிறது. கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபாக் தள்ளாத கிழவராகத் தடுமாறுகிறார். பணத்துக்காகத்தானே மறுபடி நடிக்க வந்தார்? மீதியைப் பார்ப்பதென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

இசையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பணத்தைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் ‘தள்ளாத கிழவர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஒருவருக்கு வயதாவதை அவர் செய்த குற்றம்போல எழுதாதீர்கள்.

1968இல் முதல் படம் வந்தபோது ஃபாக்குக்கு வயது 40. 2003 ஜனவரியில் கடைசிப் படம் வந்தபோது 75. மொத்தம் 69 படங்களில் 24 இந்தப் பிற்காலத்தவை. ஆரம்பப் படங்களில் அவர் பென்சிலைத் தேடிக் கோட்டுப் பைகளைத் தடவுவதும், கேட்க வந்ததை மறந்து வாசல்வரை போய்த் திரும்புவதும் விரித்த வலை என்று நமக்குத் தெரியும். பிற்காலப் படங்களிலும் அதே கை அதே பைக்குத்தான் போகிறது, கொஞ்சம் மெதுவாக. இப்போது அவர் நடிக்கிறாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா? கொலைகாரனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. நடிப்பாக இருந்த மறதிக்குள் நிஜமான முதுமை வந்து உட்கார்ந்துகொண்டது. இதைப் போய்த் தடுமாற்றம் என்கிறீர்கள்.

என் அப்பா கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்தவர். பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “எனக்கு இது பிடிபடவில்லை தம்பி, நீங்களே ஒருமுறை கூட்டிக் காட்டுங்கள்” என்பாராம். எதிரில் இருப்பவர் வாய்விட்டுக் கூட்டிக்கொண்டே வந்து, இடறவேண்டிய இடத்தில் இடறுவார். எண்பது வயதில் அப்பாவுக்கு உண்மையாகவே மறதி வந்துவிட்டது. என்னை அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு மாலை பால் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இது எந்த மாதம் என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை நான் எரிந்து விழுந்தேன். அவர் பதில் பேசவில்லை. நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார். “இந்த வாரம் நாம் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தோமே, பால் யார் வாங்கினார்கள்?”

அந்த விரலைத்தான் நான் இந்தப் படங்களில் பார்க்கிறேன்.

குறை சொல்ல வேண்டுமென்றால் சொல்ல வேண்டியது வேறு. 1992இலும் 1994இலும் குற்றக்கதை எழுத்தாளர் எட் மெக்பெய்னின் நாவல்களைத் தழுவி இரண்டு படங்கள் எடுத்தார்கள். முதலாவதில் கடத்தப்பட்ட ஒரு மணப்பெண்ணைத் தேடிக் கொலம்போ ஓடுகிறார். அடுத்ததில் மாறுவேடம் போடுகிறார். கொலை செய்தவன் யார் என்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, அவனையும் கொலம்போவையும் ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் இந்தத் தொடரை உருவாக்கிய லெவின்சனும் லிங்கும் அதற்குக் கொடுத்த உயிர். மேட்டுக்குடிக்காரனின் சோபா நுனியில் கூசிக்கொண்டு உட்கார்ந்து, அவன் வாயாலேயே அவனைக் கட்டிப்போட வேண்டும். எதிரில் அப்படி ஒருவன் இல்லாவிட்டால், அந்தக் கசங்கிய மழைக்கோட்டுக்கு என்ன வேலை? இந்தப் பிழையை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இது வயதால் வந்ததல்ல. தொடரை எடுத்தவர்களே அதன் அடித்தளத்தில் கைவைத்ததால் வந்தது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 1990இல் பாட்ரிக் மெக்கூஹன் வழக்கறிஞராக வரும் படத்திலிருந்து. அவர் கடித்துவிட்டு வைத்த பாலாடைக்கட்டித் துண்டில் பதிந்த பல் தடமே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. அந்தப் படத்துக்காக மெக்கூஹன், ஃபாக் இருவருக்குமே எம்மி என்ற தொலைக்காட்சி விருது கிடைத்தது. பிறகு நேராகக் கடைசிப் படத்துக்குப் போங்கள். இரவு விடுதி, அதிரும் இசை, பேரன் வயதில் ஒரு கொலைகாரன். அந்த இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு, சடலம் தரைக்குள் கிடப்பதைக் கிழவர் கண்டுபிடிக்கிறார்.