புலி நடமாடும் தோட்டத்தில் கணவர் வைத்த கண்ணியும் நிர்வாகத்தின் கடமையும்

வாசகியின் கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலம், கிரிக் வட்டாரத்திலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்கிறேன். என் முதலாளி ஒப்பந்தக்காரர். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. சென்ற மாதம் எங்கள் ஏழு ஆடுகளில் இரண்டைப் புலி அடித்துவிட்டது. பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அதிகாரிகள் வந்து தடத்தை அளந்து, கேமரா பொருத்திவிட்டுச் சென்றார்கள். ஆனால், விடியற்காலை ஐந்தரை மணிப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வராவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்று மண்டோர் (கங்காணி) சொல்கிறார். மேனேஜரிடம் போனால், "நீங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்" என்று கையை விரிக்கிறார். நான்காம் ஆண்டு படிக்கும் என் மகன் தமிழ்ப்பள்ளிக்குப் பால்மரக்காட்டு வழியாக நடந்து போக வேண்டும் என்பதால், இரண்டு வாரமாக அவனை வீட்டிலேயே வைத்திருக்கிறேன். பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இதற்கிடையில் என் கணவர் ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கம்பிக் கண்ணி இரண்டு வைத்திருக்கிறார். வெளியூர் ஆள் ஒருவர் புலியின் பல்லுக்கும் தோலுக்கும் பணம் தருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று நான் தடுத்தால், "சட்டமா வந்து நம் பிள்ளையைக் காப்பாற்றும்?" என்று கேட்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வழக்கறிஞரின் பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கணவரின் கேள்வி கோபத்தில் பிறந்தது என்றாலும் நியாயமானது; அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல முயல்கிறேன். ஆனால் முதலில் அந்தக் கண்ணிகளைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவற்றுக்கு ஒரு வாரம் அவகாசம் உண்டு, இதற்கு இல்லை.

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி (சட்டம் 716) மலாயாப் புலி முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. சிறப்பு அனுமதியின்றி அதை வேட்டையாடுவதற்கான தண்டனை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உயர்த்தப்பட்டு, இன்று அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரையிலும் சிறை 15 ஆண்டுகள் வரையிலும் போகலாம். கம்பிக் கண்ணி வைப்பதே தனிக் குற்றம் என்பதால், அதில் புலி சிக்கியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 2022இல் வெளியான முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகச் சொன்னது. சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

"பிள்ளையைக் காப்பாற்றத்தான் வைத்தேன்" என்று சொன்னால் நீதிமன்றம் ஏற்காதா என்று கேட்பீர்கள். ஒரு பெரும் தீங்கைத் தடுப்பதற்காக, குற்ற நோக்கமின்றி, நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்குத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 81ஆம் பிரிவு விலக்கு அளிப்பது உண்மைதான். பிள்ளையின் மேல் பாய வந்த விலங்கைக் கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்த தகப்பனுக்கு அந்தப் பிரிவு துணை நிற்கக்கூடும். ஆனால் கண்ணி என்பது பகலில் யோசித்து, கம்பி வாங்கி, இடம் பார்த்து வைத்து, இரவெல்லாம் காத்திருக்கும் ஏற்பாடு. அதை அந்த நொடியின் தற்காப்பு என்று வாதிடுவது மிகக் கடினம். அதிலும் பல்லுக்கும் தோலுக்கும் விலை பேசிய ஓர் ஆள் இடையில் வந்துவிட்டால், பயத்தில் செய்தது என்ற ஒரே ஆதரவும் உங்கள் கணவரின் கையைவிட்டுப் போய்விடும். புலியின் எந்த உறுப்பை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அந்த மனிதருடன் ஒரு தொலைபேசிப் பேச்சுகூட இனி வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள், உங்கள் வீட்டுப் பாதுகாப்பை மட்டும் பார்த்தாலும் கண்ணி ஆபத்தானது. கம்பியில் கால் அறுபட்டுத் தப்பிய புலியால் ஓடும் இரையைப் பிடிக்க முடியாது; அது கட்டிப்போட்ட ஆட்டையும், தனியாக நடக்கும் மனிதரையும் தேடி வரும். அதே கண்ணியில் ஆடு மேய்க்கப் போகும் உங்கள் மகனின் காலும் சிக்கலாம்.

ஆகவே, இதைப் படிக்கும் இன்றே, நல்ல வெயில் நேரத்தில், மூன்று நான்கு பேராகச் சென்று கண்ணிகளைச் செயலிழக்கச் செய்யுங்கள். விலங்கு எதுவும் சிக்கியிருந்தால் அருகில் போகாமல் உடனே பெர்ஹிலித்தானை 1-800-88-5151 என்ற எண்ணில் அழையுங்கள். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் 999. கம்பிகளை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். அதிகாரிகளிடம் வாக்குமூலம் கொடுப்பதற்குமுன் உங்கள் கணவர் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துப் பேசட்டும். கம்பிகளை ஒப்படைப்பதையும் அவர் வழியாகவே செய்யட்டும். கைது செய்யப்பட்டால் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 5ஆம் விதி தருகிறது. கட்டணம் கொடுக்க இயலாத குடிமக்களுக்குக் குற்ற வழக்குகளில் தேசியச் சட்ட உதவி அறவாரியம் வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. தானாக முன்வந்து அகற்றியவர் என்ற உண்மை குற்றத்தை அழித்துவிடாது. ஆனால் வழக்குத் தொடுப்பதா என்று முடிவு செய்யும்போதும், தண்டனையின் அளவைக் குறிக்கும்போதும் அது எடைபோடப்படும்.

இனி உங்கள் வேலை. இந்தப் பகுதியில்தான் சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நிற்கிறது, அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன். 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, நடைமுறையில் இயன்ற அளவுக்குத் தொழிலாளியின் பாதுகாப்பை உறுதி செய்யும் கடமையை முதலாளியின்மீது சுமத்துகிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதை மேலும் கூர்மையாக்கியது. வேலையிடத்து ஆபத்துகளை மதிப்பிட்டு அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 18பி பிரிவு சொல்கிறது. ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்தவர், அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தாமே வழிநடத்தினால், ஒப்பந்தக்காரரின் ஆட்களுடைய பாதுகாப்புக்கும் அவர் பொறுப்பு என்று 18ஏ பிரிவு சொல்கிறது. எந்த மர வரிசையை (நிரையை) எந்த நேரத்தில் வெட்ட வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகம் தீர்மானிக்கிறது என்றால், "நீங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்" என்ற பதிலோடு மேனேஜர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 15ஆம் பிரிவுக் கடமையை மீறுவதற்கான அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்துள்ளது.

உங்களுக்கு நேரடியாக உதவுவது 26ஏ பிரிவு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்கத் தவறினால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கவோ பாகுபாடு காட்டவோ கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அவர் தவறியிருக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் பிரட்டுக்கு வராமல் இருந்துவிட்டால் அது வெறும் விடுப்பாகவே பதிவாகும். ஆகவே பிரட்டுக்கு வாருங்கள். வேலை செய்யத் தயார் என்று சொல்லுங்கள். காட்டோரத்து நிரையில் இருட்டில் நெற்றிவிளக்கோடு தனியாக வெட்ட மட்டும் இயலாது என்று சொல்லுங்கள். விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதையும், வெயில் ஏறிய பிறகு வெட்டினால் உங்களுக்கும் வருமானம் குறையும் என்பதையும் அறிவேன். ஆனால் புலி நடமாடுவதும் பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும்தான். வெளிச்சம் வந்த பிறகு தொடங்குவது, இருவர் இருவராக வெட்டுவது, காட்டோரத்து மரங்களைச் சில வாரங்கள் விட்டுவைப்பது ஆகியவை எந்த நிர்வாகத்துக்கும் இயலாத காரியங்கள் அல்ல. இதற்காகச் சம்பளத்தைப் பிடித்தால் தொழிலாளர் துறையில் முறையிடலாம். வேலையைவிட்டு நீக்கினால் 60 நாள்களுக்குள் தொழில் உறவுத் துறையில் மனுச் செய்ய வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் பலரைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

உங்கள் பெயர் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவாகிச் சந்தா கட்டப்படுகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வேலையில் மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அதில் அடங்கும். ஆனால் அத்திட்டத்துக்கான சட்டத்தின் 31ஆம் பிரிவு, அதே காயத்துக்காக முதலாளிமீது தனியே நட்டஈட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. ஆகவே, ஆபத்து நேர்ந்த பின் நீதிமன்றம் போய்க்கொள்ளலாம் என்று காத்திருப்பதைவிட, நேருவதற்குமுன் எழுதிக் கேட்பதே உங்களுக்குப் பயன் தரும்.

மகனின் படிப்பைப் பற்றி: 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயம் என்பதால் பள்ளி கடிதம் அனுப்பியது முறைதான். ஆனால் அந்தச் சட்டம் குறிவைப்பது பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமலோ இடையில் நிறுத்தியோ விடும் பெற்றோரைத்தான். புலிக்குப் பயந்து சில நாள் நிறுத்திவைத்த தாயை அல்ல. நாளைக்கே தலைமையாசிரியரை நேரில் பார்த்து, காரணத்தை எழுத்தில் கொடுங்கள். லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் தோட்டத்து வாகனத்தில் அனுப்ப ஏற்பாடு செய்யும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் நிர்வாகத்துக்குக் கடிதம் போகட்டும். ஒரு தாய் தனியாகக் கேட்பதைவிடச் சங்கம் கேட்கும்போது மறுப்பது கடினம்.

ஆடுகளுக்கு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கும் உரிமை இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். மிஞ்சிய ஐந்தையும் இரவில் பலகையடித்த பட்டியில், விளக்குப் போட்டு அடையுங்கள். 2021க்குப் பிறகு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் காட்டுப்பன்றிகள் பெருமளவில் மாண்டதால், இரை குறைந்த புலிகள் ஊரோரம் வருகின்றன என்று கருதப்படுகிறது. அவிழ்த்துவிட்ட ஆடு அதற்கு எளிய இரை. நாய் வளர்த்தால் அதற்குத் தடுப்பூசி போடுங்கள். 2019இல் திரங்கானு டுங்குனில் ஊருக்குள் வந்து பிடிபட்ட புலி ஒன்று, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயால் இறந்தது.

உங்கள் கணவரிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஐயா, சட்டம் உங்கள் வாசலில் காவல் நிற்காது, ஆனால் காவல் நிற்க வேண்டியவர் யார் என்று அது பெயர் சொல்லியிருக்கிறது. 2022 ஜனவரியில் கிளந்தான் குவா மூசாங்கில் ஓராங் அஸ்லி எனும் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் புலி கொன்றபோது, அந்தப் புலியைச் சுட்டவர்கள் பெர்ஹிலித்தான் அதிகாரிகள். அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கூண்டு வைக்கச் சொல்லி அவர்களை வற்புறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் சிறைக்குப் போனால், உங்கள் மகன் அதே பால்மரக்காட்டு வழியில் தகப்பன் துணையில்லாமல் நடப்பான்.

சகோதரி, திங்கட்கிழமைப் பிரட்டுக்குமுன் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ஆடுகள் அடிபட்ட தேதி, தடம் கண்ட இடம், பெர்ஹிலித்தான் வந்து பார்த்த நாள், நீங்கள் கேட்கும் மூன்று மாற்றங்கள், பிள்ளைகளுக்கான வாகனம் ஆகியவை அதில் இருக்கட்டும். உங்களோடு வெட்டும் எல்லாரும், அயல்நாட்டுத் தொழிலாளர்கள் உட்பட, கையெழுத்திடட்டும். ஒரு பிரதி ஒப்பந்தக்காரருக்கு, ஒன்று மேனேஜருக்கு, ஒன்று தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு. உங்கள் கையில் நிற்கும் பிரதியில், பெற்றுக்கொண்ட கிராணியின் (அலுவலக எழுத்தரின்) கையெழுத்தையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.