நச்சுப் பாசிப் பெருக்கத்தில் பாக்டீரியாக்களின் பங்கு

கடல் பாக்டீரியாக்கள் நச்சுப் பாசிப் பெருக்கத்தை வளர்க்குமா, அடக்குமா என்ற கேள்விக்கு, இரண்டும் நடக்கும் என்பதே சரியான பதில். பாசி இனங்களுள் ஏறத்தாழ பாதிக்கு வைட்டமின் பி12 வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும். அதைத் தயாரிப்பவற்றுள் முக்கியமானவை பாக்டீரியாக்கள். டோமோயிக் அமிலம் என்னும் நரம்பு நச்சைச் சுரக்கும் சூடோ-நிட்சியா என்ற டயாட்டத்தை (ஒருசெல் பாசி வகை), பாக்டீரியாக்களை அறவே நீக்கி ஆய்வகத்தில் வளர்த்தபோது சில வகைகளில் நச்சு வெகுவாகக் குறைந்தது. பாக்டீரியாக்களை மீண்டும் சேர்த்ததும் கூடியது. இத்தனைக்கும் அந்த நச்சை உண்டாக்குவது டயாட்டமே.

மறுபுறம், கோர்டியா அல்ஜிசிடா என்னும் பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும் நொதியை வெளியிட்டு டயாட்டங்களைக் கொல்கிறது. அப்படியானால் இத்தகையவற்றைக் கடலில் விட்டுப் பெருக்கத்தை ஒழித்துவிடலாமே என்று தோன்றும். நான் அவசரப்பட மாட்டேன். நச்சுப் பாசியின் செல் உடையும்போது உள்ளிருந்த நச்சு நீரில் கலந்துவிடுகிறது; அதைச் சிதைக்கவல்ல வேறு பாக்டீரியாக்கள் அங்கே இல்லையெனில், பாசி மறைந்த பின்னும் ஆபத்து நீடிக்கக்கூடும்.