முதல் பிறந்தநாள்: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரையில் பதினான்கு வருடமாகப் பிறந்தநாள் விழாக்களுக்கு ஏற்பாடு செய்கிறேன். ஒன்று முதல் ஐந்து வயது வரை உள்ள வாண்டுகள்தான் என் ஆட்கள். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஜாதகம் மட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

மகளுக்கு ஒரு வயது ஆகப்போகிறது. மினி ஹாலில் 150 பேர். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் சரியாக இருக்குமா?

ஏழு மணி உங்கள் அலுவலக நண்பர்களுக்குச் சரியாக இருக்கும். உங்கள் மகள் எத்தனை மணிக்குத் தூங்குவாள்? எட்டு என்றால், ஏழே முக்காலுக்கு மேடையில் நீங்கள் தூக்கி வைத்திருக்கப்போவது வீறிட்டு அழும் ஒரு குழந்தையை. அந்த அழுகையைத்தான் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுவீர்கள்.

மதியத் தூக்கம் முடிந்து, எழுந்து, வயிறு நிறைந்து, ஒரு மணி நேரத்துக்குள் கேக் வெட்டிவிடுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஐந்து, ஐந்தரை மணி. திருச்சியிலிருந்து வரும் அத்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். அத்தை வந்ததும் அவருக்கு ஒரு துண்டு கொடுத்தால் போதும். பிறகு பாட்டியோ சித்தியோ குழந்தையை உள்ளறைக்குத் தூக்கிப் போகட்டும். பெரியவர்கள் ஒன்பது மணி வரை சாப்பிடுங்கள், பேசுங்கள். முதல் பிறந்தநாள் பெரியவர்களுக்கான விழாதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலைத்துணி கவுன் குத்தும். உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், மாற்றுடை ஒன்று பையில் இருக்கட்டும். ஸ்பீக்கரை மேடையிலிருந்து தள்ளி வையுங்கள். நல்ல போட்டோ வேண்டுமென்றால் காலையில் குளிப்பாட்டியதும் வீட்டு வாசலில் எடுங்கள். நான் பார்த்த ஆல்பங்களில் சிரித்த முகமெல்லாம் காலையில் எடுத்ததுதான்.

கேக் எத்தனை கிலோ சொல்ல வேண்டும்?

ஒரு கிலோ பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும். ஆனால் சாப்பாடு போடுகிற வீட்டில் பாதிப் பேர் கேக்கைத் தொடமாட்டார்கள். 150 பேருக்கு ஏழெட்டு கிலோ தாராளம். மேடைக்கு இரண்டு கிலோவில் அழகாக ஒன்று, மீதியை அலங்காரம் இல்லாமல் துண்டு போட்டு வாங்கினால் செலவு குறையும். சித்திரை, வைகாசி என்றால் ஏ.சி. இல்லாத இடத்தில் ஃபிரெஷ் க்ரீம் நிற்காது, வழிந்துவிடும்.

மேடையைச் சுற்றி மிதக்கிற கேஸ் பலூன் கட்ட ஆசை. தெருமுனையில் மலிவாக நிரப்பித் தருகிறார்கள்.

வேண்டாம். மலிவாக நிரப்புவது பெரும்பாலும் ஹைட்ரஜன், தீப்பற்றும் வாயு. கேக்கில் மெழுகுவர்த்தி எரியும்போது தலைக்கு மேல் அது மிதந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஹீலியம் எரியாது, விலை அதிகம். ஆனாலும் சிலிண்டரை விழா நடக்கும் இடத்துக்குள் விடாதீர்கள். 2022 அக்டோபரில் திருச்சிக் கடைத்தெருவில் பலூன் நிரப்பும் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார். நான் காற்றடித்த பலூனை மீன்பிடி நரம்பில் கோத்து மேலேயிருந்து தொங்கவிடுகிறேன். போட்டோவில் மிதப்பது போலத்தான் தெரியும்.

இன்னொன்று. வெடித்த பலூன் துண்டைக் குழந்தை வாயில் போட்டால் தொண்டையை அப்படியே மூடிவிடும். துண்டுகளைப் பொறுக்க ஒரு ஆளை நிறுத்துங்கள்.

மாமியார் நட்சத்திரப்படிதான் கொண்டாட வேண்டும் என்கிறார். கணவர் தேதிப்படி. இரண்டுக்கும் பதினொரு நாள் வித்தியாசம். எது சரி?

ஜாதகம் கேட்காதீர்கள் என்றேன். சரி, கணக்கு மட்டும் சொல்கிறேன்.

சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27.3 நாள். பதின்மூன்று சுற்று முடிந்தால் 355 நாள். வருடத்துக்குப் பத்து நாள் குறைகிறதல்லவா, அதனால் நட்சத்திரப் பிறந்தநாள் அடுத்த வருடம் பத்து நாள் முன்னால் வரும். அப்படி நகர்ந்து பிறந்த தமிழ் மாதத்தை விட்டே வெளியே போனால், அடுத்த சுற்றை எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் பதினேழு நாள் தள்ளி வரும். உங்கள் வீட்டில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. நட்சத்திரத்தன்று கோயிலும் பாயசமும், தேதிக்குப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை கேக்கும் வைத்தால் இருவரும் உங்களை வாழ்த்துவார்கள்.

தேதிதான் சூரியக் கணக்கு, அதுவே அறிவியல். நட்சத்திரமெல்லாம் எதற்கு?

ஐயா, தமிழ் மாதமும் சூரியக் கணக்குதான். சூரியன் எந்த ராசியில் இருக்கிறதோ அது மாதம், சந்திரன் எங்கே இருக்கிறதோ அது நட்சத்திரம். வானத்தைப் பார்த்துத்தான் இரண்டும். நான் பலூன் கட்டுகிறவள், தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

ஒரே மாதத்தில் அதே நட்சத்திரம் இரண்டு முறை வந்தால்?

வரும். ஆனி மாதம் 32 நாள் வரை போகும், சுற்று 27 நாள்தானே. எங்கள் வீட்டில் இரண்டாவதை எடுப்போம், வேறு வழக்கம் உள்ள குடும்பமும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்.

பிறந்தநாளன்று விளக்கை ஊதி அணைப்பது அபசகுனம் இல்லையா?

இது அடுத்த சண்டையா! பல வீடுகளில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, மெழுகுவர்த்தி இல்லாமல் கேக் வெட்டுகிறார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு ஊதவும் தெரியாது, அப்பாதான் ஊதுவார், எச்சிலோடு. எனக்கு விளக்குதான் பிடிக்கும். குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

100 பேருக்குக் கேக் எத்தனை கிலோ?

மேலே இருக்கிறது. வகுத்துக்கொள்ளுங்கள்.

ரிட்டர்ன் கிஃப்டாக லைட் எரிகிற மோதிரம் கொடுக்கலாமா? பத்து ரூபாய்தான்.

அதற்குள் பொத்தான் பேட்டரி இருக்கிறது. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். ஸ்க்ரூ போட்டு மூடாத பேட்டரிப் பொம்மை எதுவும் வேண்டாம். மஞ்சப்பையில் ஒரு துணி நாய்க்குட்டி பொம்மை, இல்லையென்றால் ஒரு படப் புத்தகம்.

குழந்தைகளுக்குத் தனியாக என்ன சாப்பாடு?

மினி இட்லி, இடியாப்பம், தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். குட்டிகளுக்கு முழு வேர்க்கடலையும் பாப்கார்னும் கூடாது, திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். வருகிற கைக்குழந்தைகளில் ஒரு வயது ஆகாதவர்கள் இருந்தால் தேன் கலந்த எதையும் நாக்கில் தடவவிடாதீர்கள், பாட்டி சொன்னாலும். தட்டு பாக்கு மட்டையாக இருக்கட்டும். தெர்மாகோல் தட்டுக்கும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை.

கேக் வெட்டும்போது ஸ்னோ ஸ்ப்ரே அடித்தால் வீடியோ அழகாக வருமே?

அதை வெளியே தள்ளும் வாயு தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தி பக்கத்தில் அடித்தால் வீடியோ அழகாக வராது. ஒரு விழாவில் மாமா ஒருவர் அடித்து, குழந்தையின் முடி நுனி பொசுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து ஸ்னோ ஸ்ப்ரே டப்பாவைப் பார்த்தாலே பிடுங்கி என் பையில் போட்டுக்கொள்கிறேன்.

மொட்டை, காதுகுத்து, பிறந்தநாள் மூன்றையும் ஒரே நாளில் வைத்தால் செலவு மிச்சம்தானே?

செலவு மிச்சம்தான். காலையில் குலதெய்வம் கோயிலில் மாமன் மடியில் அழுத குழந்தை, சாயங்காலம் புண்ணான காதோடு மேடையில் மறுபடி அழும். ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

அக்கா, என் பையனுக்கு ரோகிணி, வைகாசி முதல் தேதியே வருகிறது, அப்படியென்றால்...

பஞ்சாங்கம் வாங்குங்கள், தம்பி.

50 பேருக்குக் கேக்...

மேலே.

கேஸ் பலூன் நிறைய வேண்டாம், வாசலில் இரண்டே இரண்டு மட்டும்?

இரண்டும் வேண்டாம்.