செஸ்னாவுக்குப் பழைய எக்ஸாஸ்ட் பூட்டலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வர்ஜீனியா விமான நிலையத்தில் 1975 செஸ்னா 172 எம் வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: கோடையில் ஜோஹானஸ்பர்க் ராண்ட் நிலையத்தில் விமானம் மேலேறத் திணறுகிறது, ஒரு புரோக்கர் வேறு விமானத்தில் கழற்றிய ட்யூன்டு எக்ஸாஸ்ட் (புகை எளிதாக வெளியேறும்படி நீளம் கணக்கிட்டுச் செய்த புகைக்குழாய்) ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறார், பூட்டினால் சரியாகுமா?

தம்பி, முதலில் மிக்ஸ்சர் குமிழை, அதாவது காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் குமிழைக் கவனியுங்கள். வர்ஜீனியா கடலோரம், ராண்ட் கிட்டத்தட்ட 5,500 அடி உயரத்தில், காற்று மெலிந்த இடம். கடற்கரையில் 150 குதிரைத்திறன் தரும் உங்கள் லைகாமிங் ஓ-320 எஞ்சின், அங்கே 30 டிகிரி வெயிலில் 110 பக்கம் இறங்கிவிடும். டர்பன் பழக்கத்தில் குமிழை முழுக்க உள்ளே தள்ளியே கிளம்பினால் பெட்ரோல் மிஞ்சி இன்னும் இழுக்காது. கையேட்டில் உள்ளபடி, முழு த்ராட்டில் கொடுத்து, ஆர்.பி.எம். உச்சத்துக்கு வரும் இடம்வரை குமிழை மெதுவாக வெளியே இழுங்கள். காசு செலவில்லை.

அப்புறம் அந்த எக்ஸாஸ்ட். நல்ல ட்யூன்டு எக்ஸாஸ்ட் சக்தி கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் உங்களுடையது இசட்.எஸ். என்று தொடங்கும் பதிவு, அதாவது மாடலின் வடிவமைப்புக்கே வகைச் சான்றிதழ் உள்ள விமானம். எஸ்.டி.சி. என்ற மாற்றச் சான்றிதழும், அதை உங்கள் விமானத்தின் சீரியல் எண்ணுக்குப் பயன்படுத்தலாம் என்று அந்தச் சான்றிதழின் உரிமையாளர் எழுதித் தந்த கடிதமும் வேண்டும். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நகல் வேறு யாரோ ஒருவரின் விமானத்துக்கு உரியது. அதை நம்பிப் பூட்டினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் தாள் அதுதான். அமெரிக்காவில் பார்த்து முடித்த சான்றிதழை இங்கேயும் ஏற்க வைக்க அலைய வேண்டியிருப்பது எனக்கும் எரிச்சல்தான், அதற்காகக் குறுக்கு வழி கூடாது.

“நண்பர் ஒருவர் தாள் எதுவுமில்லாமல் மாற்றினாரே” என்பீர்கள். அவருடையது இசட்.யூ. பதிவாக இருக்கும், அதாவது வகைச் சான்றிதழ் இல்லாத, கிட்டில் கட்டியது போன்ற விமானம். அதற்கு எஸ்.டி.சி. கேட்க மாட்டார்கள். ஆனாலும் அங்கீகாரம் பெற்றவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும், பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவு எழுத்தைப் பார்க்காமல் அவர் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

இன்னொன்று, கேபினுக்கு வரும் சூடான காற்று எக்ஸாஸ்டின் சத்தம் குறைக்கும் பாகமான மஃப்ளரைச் சுற்றியுள்ள உறைக்குள் புகுந்துதான் வருகிறது. ஒருமுறை ஒரு விமானி அப்படி வாங்கிப் பூட்டிய பழைய மஃப்ளரின் உறையைக் கழற்றினேன், வெல்டிங் ஓரத்தில் நகம் நுழையுமளவு வெடிப்பு, சுற்றிலும் சாம்பல் நிறக் கறை. அந்த வழியாகக் கார்பன் மோனாக்சைடு நேரே விமானியின் மூக்குக்கு வரும், மணம் கிடையாது. அந்த விமானி குளிர்காலம் முழுக்கத் தலைவலி என்று மாத்திரை போட்டிருக்கிறார்.

இன்னும் சக்தி வேண்டுமென்றால், 180 குதிரைத்திறன் ஓ-360 எஞ்சினை இப்போதுள்ளது ஓவர்ஹாலுக்கு வரும்போது யோசிக்கலாம், எடையும் சமநிலையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இந்த வாரமே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிக் கண்ணெதிரே வையுங்கள்.